துப்பாக்கியை மாற்றும் முன் பெல்லட்டைச் சோதித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி, கல்லூரி மாணவர்களின் ஏர் ரைபிள் போட்டிச் செய்திகள் தங்கள் நாளிதழில் இப்போது அடிக்கடி இடம்பெறுகின்றன. அவற்றைப் படிக்கும் பெற்றோரில் பலர் பயிற்சியாளர்களிடம் முதலில் கேட்பது, எந்த நிறுவனத்தின் துப்பாக்கி வாங்கினால் ஸ்கோர் ஏறும் என்பதைத்தான். லட்சக்கணக்கில் செலவழித்து ரைபிள், ஜாக்கெட், காலணி எல்லாம் வாங்குகிறார்கள். கடைசியில் கடைக்காரர் கையில் கிடைத்த பெல்லட் (சிறு ஈயக் குண்டு) டின்னை எடுத்துக் கொடுக்க, அதையே போட்டு மாநிலப் போட்டிக்குப் பிள்ளையை அனுப்புகிறார்கள். அந்த டின்னில் எவ்வளவு புள்ளி போகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி மீட்பது என்பதைப் பயிற்சியாளர்கள் சார்பில் விரிவாகச் சொல்ல இக்கடிதம்.

முதலில் அளவுகள். பத்து மீட்டர் ஏர் ரைபிள் இலக்கின் நடுப்புள்ளி 0.5 மி.மீ. விட்டம்தான். ஒன்பதாம் வளையம் 5.5 மி.மீ. பெல்லட் 4.5 மி.மீ. தடிமன் உள்ளதால், அதன் ஓரம் நடுப்புள்ளியைத் தொட்டாலே பத்து. அதாவது பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். தசமக் கணக்கில் அந்த 2.5 மி.மீ.யைப் பத்தாகப் பிரிக்கிறார்கள். 10.9 எடுக்க 0.25 மி.மீ.க்குள் விழ வேண்டும். ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் விலகலுக்கும் 0.1 குறையும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், சாட்டரூ நகரில் நடந்த மகளிர் பத்து மீட்டர் ஏர் ரைபிள் தகுதிச் சுற்றில் ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து ஐந்தாவதாக இறுதிச் சுற்றுக்குப் போனார். கடலூரில் பிறந்த நம் இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்துப் பத்தாம் இடத்தில் நின்றார். எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. இருவருக்கும் இடையே 0.8 புள்ளி. அதை மில்லிமீட்டராக மாற்றினால், 60 சுடுதல்களின் விலகல்களையும் கூட்டினாலும் வெறும் 2 மி.மீ. இளவேனிலின் பெல்லட்டில் குறை என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த மட்டத்தில் ஆடுவோர் சோதிக்காத பெல்லட்டைத் தொடுவதே கிடையாது. மேல் மட்டப் போட்டிகளில் இடைவெளி எவ்வளவு சிறியது என்பதற்கு மட்டுமே இதைச் சொன்னோம்.

ஒரு பேரலுக்கு (துப்பாக்கிக் குழல்) நன்றாகப் போகும் பெல்லட் பக்கத்தில் இருக்கும் அதே மாடல் பேரலுக்குப் போகாது. புதிதாக வருவோர் இதை நம்ப மறுக்கிறார்கள், ஆனால் காரணம் எளியது. போட்டி பெல்லட்டின் தலை தட்டை, இடை ஒடுங்கியது, பின்பக்க ஸ்கர்ட் மெல்லிய சுவருடன் சற்று விரிந்தது. தலை பேரலின் உள்வரிகளில் (உட்புறம் சுருளாக வெட்டிய கோடுகள்) ஊர்ந்து போய் நேராக வழிகாட்ட வேண்டும். ஸ்கர்ட் காற்றை அடைக்க வேண்டும். தலை சிறியதானால் பெல்லட் பேரலுக்குள் இம்மியளவு சாய்ந்து நகரும், வெளியே வரும்போது சாய்ந்தே வரும். பெரிதானால் உள்வரிகள் ஈயத்தை அதிகம் கீறும்; உராய்வு கூடும், வேகம் சுடுதலுக்குச் சுடுதல் மாறும். இதற்காகத்தான் 4.48 முதல் 4.52 மி.மீ. வரை 0.01 மி.மீ. இடைவெளியில் தலை அளவுகள் விற்கப்படுகின்றன. பேரலைச் செய்யும்போதும் மைக்ரான் கணக்கில் வேறுபாடு விழும் என்பதால், எந்தத் தலை எந்தப் பேரலுக்குப் பொருந்தும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும்.

தலை அளவு பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்கக் கூடாது. டின்னின் ஒட்டுச்சீட்டில் தலை அளவுக்குப் பக்கத்தில், எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் லாட் எண் இருக்கும். ஈயத்தை அழுத்தும் அச்சுகள் தேயும், மாற்றப்படும். ஈயக் கலவையும் ஒவ்வொரு முறையும் அச்சாக ஒன்றாக இருக்காது. ஆகவே அதே நிறுவனம், அதே 4.50, ஆனால் வேறு லாட் என்றால் அதை வேறு பெல்லட்டாகவே கருத வேண்டும். பெற்றோர் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இந்த எண்ணைத்தான்.

அமெரிக்காவில் வயல்களிலும் புல்வெளிகளிலும் கிரவுண்ட்ஹாக், பிரெய்ரி டாக் போன்ற சிறு விலங்குகளைத் தொலைவிலிருந்து சுடுவோர், .223, .22-250 போன்ற சிறு துளை ரைபிள்களுக்குத் தோட்டாவைத் தாங்களே கட்டுகிறார்கள். குண்டு, மருந்து, குண்டு உட்காரும் ஆழம் எனப் பேரலுக்குத் தோதாக ஒவ்வொன்றையும் மாற்றிப் பார்க்க அவர்களுக்கு வழியுண்டு. .22 ரிம்ஃபயர் (அடி விளிம்பில் பற்றும் தோட்டா) ரைபிளில் 50 மீட்டர் சுடுவோருக்கு அந்த வழி இல்லை. அந்தத் தோட்டாவை வீட்டில் கட்ட முடியாது. ஆகவே அவர்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்தின் பர்மிங்காமில் உள்ள ஈலி நிறுவனத்துக்கோ, ஜெர்மனியின் ஷோனபெக்கில் உள்ள லாபுவா மையத்துக்கோ போய், லாட் லாட்டாகச் சுட்டு, பொருந்தும் லாட்டை மொத்தமாக வாங்கி வருகிறார்கள். ஏர் ரைபிளுக்கும் இந்த இரண்டாவது வழிதான். நல்லவேளையாக, இதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. மாவட்டக் கிளப்பின் பத்து மீட்டர் ரேஞ்சே போதும்.

யாருக்கு இந்தச் சோதனை வேண்டும் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சுடுபவரின் கை விலகலும் பெல்லட்டின் விலகலும் நேராகக் கூடுவதில்லை. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மொத்த விலகல் கிடைக்கும். மையத்திலிருந்து சராசரியாக 1.5 மி.மீ. விலகிச் சுடும் நல்ல மாணவியை எடுத்துக்கொள்வோம். பெல்லட்டின் சொந்த விலகல் சராசரி 0.5 மி.மீ. என்றால் மொத்தம் 1.58, அதுவே 0.8 மி.மீ. என்றால் 1.70. அறுபது சுடுதலில் இது சுமார் 619க்கும் 616க்கும் உள்ள வேறுபாடு. மாநிலப் போட்டியில் மூன்று புள்ளி என்பது பல இடங்கள். இப்போதுதான் தொடங்கி, சராசரி 4 மி.மீ. விலகலில் 560 சுற்றிச் சுடும் மாணவருக்கு இதே பெல்லட் மாற்றம் ஒரு புள்ளிதான் தரும். அவர் நிற்கும் முறையையும் ட்ரிகரையும் கவனிக்கட்டும். 600ஐத் தாண்டாதவர் தரமான ஒரு போட்டி பெல்லட்டை வாங்கி, அதையே மாற்றாமல் சுட்டால் போதும் என்பது எங்கள் கருத்து. 610ஐத் தொட்டவருக்குச் சோதனை கட்டாயம்.

இனி முறை. ரைபிளைக் கையில் பிடித்துச் சுட்டு பெல்லட்டைச் சோதிக்கவே கூடாது. அன்று கை நன்றாக இருந்தால் பெல்லட் நல்லது என்று தோன்றும். கான்கிரீட் தரையில் அசையாமல் நிற்கும் கனமான மேசை வேண்டும். அதில் பற்றுக்கருவி (வைஸ்) பொருத்தி, தோளில் வைக்கும் ஸ்டாக்கைக் கழற்றிவிட்டு, ரைபிளின் உடற்பகுதியைப் பிடிக்க வேண்டும். பேரலை இறுக்கக் கூடாது. இறுக்கினால் அதன் அதிர்வு மாறி, சோதனையில் தெரிவது போட்டியில் வராது. காற்று சிலிண்டரை எக்காரணத்துக்கும் பற்றில் வைக்கவே கூடாது. அது 200 பார் அழுத்தம் தாங்கி நிற்கும் கலம். பற்றுக்கருவி இல்லாத கிளப்பில் முன்னும் பின்னும் மணல்மூட்டை வைத்தும் செய்யலாம். ஆனால் அப்போது இரு மடங்கு சுடுதல் வேண்டும், சிறிய வேறுபாடுகளை நம்பவும் கூடாது.

சோதனைக்கு முன் ஃபெல்ட் துண்டுகளால் பேரலைச் சுத்தம் செய்து, 20 பெல்லட் சுட்டு ஈயப் படிவைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும். சுத்தம் செய்த உடனே வரும் சுடுதல்கள் சிதறும். இடையில் மறுபடி சுத்தம் செய்ய வேண்டாம். சிலிண்டர் நிரம்பியிருக்கட்டும். மின்விசிறி, ஏ.சி. காற்று சுடும் பாதையில் படாமல் இருக்க வேண்டும். ஒரு பெடஸ்டல் ஃபேன் குறுக்கே வீசினால் அன்றைய சோதனை முழுவதும் வீண்.

நான்கு வகை பெல்லட்டுகளை க, ங, ச, ஞ என்று வைத்துக்கொண்டால், க-வை முழுக்கச் சுட்டுவிட்டு ங-வுக்குப் போவது தவறு. சிலிண்டர் அழுத்தமும் அறையின் வெப்பமும் மெல்ல மாறும். கடைசியில் வரும் வகைக்கு அநியாயம் நடக்கும். க, ங, ச, ஞ என்று ஒரு சுற்று, பின் ஞ, ச, ங, க என்று திரும்பி ஒரு சுற்று சுட வேண்டும். ஒவ்வொன்றும் பத்துப் பத்து. வகை மாறும்போது முதல் ஐந்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், ஏனென்றால் ஒவ்வொரு நிறுவனமும் பூசும் எண்ணெய் வேறு. மூன்று சுற்று முடிந்தால் ஒரு வகைக்கு 30 சுடுதல். எட்டு வகையைச் சோதித்தாலும் கணக்கில் வருவது 240 பெல்லட். ஒரு டின்னில் பொதுவாக 500 இருக்கும். சில நிறுவனங்கள் தலை அளவுக்குக் கொஞ்சம் என்று சேர்த்த மாதிரிப் பெட்டியும் விற்கின்றன. தலை அளவைத் தேர்வு செய்ய அது போதும், லாட்டைத் தேர்வு செய்ய உதவாது.

அளப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். காகித இலக்கில் பத்துத் துளையும் ஒன்றோடொன்று கலந்து ஒரே ஓட்டையாகத் தெரியும். வெர்னியரால் வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் அளந்து 4.5ஐக் கழித்தால், மையத்துக்கு மையம் உள்ள அதிகபட்ச இடைவெளி கிடைக்கும். ஆனால் அந்த எண்ணைத் தீர்மானிப்பது பத்தில் இரண்டு பெல்லட்டுகள் மட்டுமே. மீதி எட்டின் கதை அதில் இல்லை. சுடும் எண்ணிக்கை கூடக் கூட இந்த இடைவெளியும் தானே விரியும். துப்பாக்கியுடன் தொழிற்சாலையிலிருந்து வரும் ஐந்து சுடுதல் அட்டையை நம் பத்துச் சுடுதல் அட்டையோடு ஒப்பிட்டு மனம் உடைவோர் இதைக் கவனிக்க வேண்டும். எலக்ட்ரானிக் இலக்கு உள்ள ரேஞ்சில் ஒவ்வொரு சுடுதலின் கிடைமட்ட, செங்குத்து அளவுகளையும் எடுக்க முடியும். முப்பதுக்கும் சராசரி மையம் கண்டு, அதிலிருந்து ஒவ்வொன்றின் தூரத்தையும் கணக்கிட்டு, அந்தத் தூரங்களின் சராசரியை எடுக்க வேண்டும். எக்செல் தெரிந்த பிள்ளைகள் இதை ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார்கள். முப்பது சுடுதலில் இரு வகைகளுக்கு இடையே பத்து சதவீத வேறுபாடுதான் தெரிகிறது என்றால் இரண்டும் சமம் என்றே கொள்ளுங்கள். எது எளிதில் கிடைக்கிறதோ அதை வாங்கலாம். நாற்பது, ஐம்பது சதவீதம் என்று தெரிந்தால் அது உண்மையான வேறுபாடு.

சிதறலின் வடிவமும் பேசும். மேலும் கீழுமாக நீண்டிருந்தால் சந்தேகம் வேகத்தின் மேல். பத்து மீட்டரைக் கடக்க பெல்லட்டுக்கு நொடியில் பதினாறில் ஒரு பங்கு ஆகிறது. அதற்குள் ஏறக்குறைய 18 மி.மீ. கீழே இறங்குகிறது. வேகம் ஒரு சதவீதம், அதாவது நொடிக்கு 1.7 மீட்டர் மாறினால், விழும் இடம் 0.35 மி.மீ. மாறும். ஒவ்வொரு சுடுதலுக்கும் காற்றழுத்தத்தைச் சமமாக வைக்கும் ரெகுலேட்டர் சரியில்லாவிட்டாலோ, சிலிண்டர் குறைந்த அழுத்தத்துக்கு இறங்கிவிட்டாலோ இப்படித்தான் ஆகும். எந்தப் பெல்லட்டைப் போட்டாலும் மேலும் கீழுமாகவே நீண்டால் பெல்லட்டைக் குறை சொல்ல வேண்டாம், ரெகுலேட்டரைச் சரிபார்க்கக் கொடுங்கள். பக்கவாட்டில் நீண்டால் பற்று தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் காற்று அடிக்கிறது. எட்டு ஒன்றாகவும் இரண்டு மட்டும் தனியாக விலகியும் போனால் அடிபட்ட ஸ்கர்ட். இரண்டு தனித்தனிக் கூட்டமாக விழுந்தால் ஏதோ ஒரு திருகு இடம் மாறி மாறி உட்காருகிறது. எல்லா வகையும் சமமாகச் சிதறினால் பேரலின் வாய் ஓரத்தில் ஈயம் படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பெல்லட்டுகளை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பிரிப்பது பற்றியும் நிறையக் கேட்கிறார்கள். போட்டி ரைபிள் பெல்லட் சுமார் 0.53 கிராம். அதில் ஒரு சதவீதம், அதாவது 0.005 கிராம் வேறுபட்டால் வேகம் அரை சதவீதம் மாறும், இலக்கில் 0.18 மி.மீ. நல்ல லாட்டில் பெரும்பாலான பெல்லட்டுகள் இதைவிட நெருக்கமாகவே இருக்கும். ஆகவே மாணவர்கள் மணிக்கணக்காகத் தராசு முன் உட்காருவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதே நேரத்தில் ஒரு வெள்ளைத் தட்டில் ஐம்பது ஐம்பதாகக் கொட்டி ஸ்கர்ட்டின் வட்டத்தை வெளிச்சத்தில் பார்த்து, நசுங்கியதையும் ஈயத் துகள் ஒட்டியதையும் பயிற்சிக்கு ஒதுக்கினால் பலன் உறுதி. கூரியரில் எறியப்பட்டு வரும் டின்களில் இது நிறைய இருக்கும். தரையில் விழுந்ததை எடுத்து மறுபடி போட வேண்டாம்.

போடும் விதமும் சேர்ந்ததுதான். நகத்தால் ஸ்கர்ட்டை அழுத்தக் கூடாது. ஒவ்வொன்றையும் ஒரே ஆழத்துக்குத் தள்ள வேண்டும். பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கும் பெல்லட்டின் ஓரத்தை, பேரலின் பின்வாயை மூடும் போல்ட் நசுக்கிவிடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈயம் சீக்கிரம் வெளுக்கும். டின்னுக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வைத்தால் நல்லது. வெளுத்துப் பொடி படிந்த பெல்லட்டைத் துடைத்துப் போடலாம் என்று நினைக்க வேண்டாம்; அந்தப் பொடி பேரலுக்கும் கேடு, நுரையீரலுக்கும் கேடு. சுட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிள்ளைகள் சிற்றுண்டியைத் தொடக் கூடாது. கடலோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஈரம் வடிகட்டாத கம்ப்ரஸரில் சிலிண்டரை நிரப்பினால் அந்த நீர் ரெகுலேட்டருக்குள் போய் அரிக்கும். நிரப்பும் இடத்தில் வடிகட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்பது பெற்றோரின் உரிமை. சிலிண்டரின் காலாவதி நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுவாகப் பத்து ஆண்டுகள். அது முடிந்த சிலிண்டருடன் போட்டிக்குப் போனால், கருவிகளைப் பார்க்கும் மேசையிலேயே நிறுத்திவிடலாம்.

மாவட்ட, மாநிலச் சங்கங்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு மாவட்டக் கிளப்பிலும் ஒரு பற்றுக்கருவி இருக்கட்டும். ஒரு நல்ல லேத் பட்டறையில் இதைச் செய்துவிடலாம். கோவையில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஆண்டுக்கு இருமுறை சோதனை நாள் வையுங்கள். இறக்குமதியாளரிடம் ஐந்தாறு லாட்டிலிருந்து தலா ஒரு டின் முன்கூட்டி வாங்கி, பிள்ளைகள் தங்கள் ரைபிளில் சுட்டுப் பார்த்து, பொருந்திய லாட்டைச் சேர்ந்து மொத்தமாக வாங்கலாம். தனி ஒருவர் லாட் எண் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் தலையாட்டமாட்டார். நாற்பது பேர் சேர்ந்து கேட்டால் எடுத்துத் தருவார். அரசுப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் பெரும்பாலும் கிளப் ரைபிளில்தான் சுடுகிறார்கள். ஒவ்வொரு கிளப் ரைபிளின் பெட்டியிலும் அதற்குப் பொருந்தும் தலை அளவையும் லாட் எண்ணையும் எழுதி ஒட்டினாலே அவர்களுக்குப் பெரிய உதவி.

வாங்கும் கணக்கு: நாளுக்கு நூறு சுடுபவருக்கு ஐந்து நாளில் ஒரு டின் தீரும். அத்தனையும் சோதித்த லாட்டாக இருக்க வேண்டியதில்லை. அன்றாடப் பயிற்சிக்கு அதே தலை அளவில் எளிய விலைப் பெல்லட் போதும். போட்டிக்கும், போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்துக்கும் மட்டும் தேர்ந்த லாட். அப்படிப் பார்த்தால் ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு டின் வரும். இரண்டு டின் மிச்சம் இருக்கும்போதே அடுத்த லாட்டைச் சோதிக்கத் தொடங்க வேண்டும். பழைய லாட்டையும் அந்தச் சோதனையில் ஒரு வகையாகச் சேர்த்துச் சுட்டால்தான் புதியது மேலா கீழா என்று தெரியும்.

இப்படிக்கு,
ஏர் ரைபிள் பயிற்சியாளர்கள்,
கோயம்புத்தூர்.